சென்சர் அங்கிக்கு முன் ஒரு சீ.ஆர். கொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்டு மைதானத்துத் தண்ணீர் வற்றியதும் மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் தொடங்கிவிடும். கார்த்திகை, மார்கழி முழுக்க வீட்டில் கிடந்த பிள்ளை, திகதி அறிவித்த மறுநாளே நூறு மீற்றர், இருநூறு மீற்றர், அஞ்சலோட்டம், நீளம் பாய்தல் என்று நாலுக்கும் இறங்குகிறது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எண்ணெய் போட்டு உருவி, கட்டுக் கட்டி, வலி குறைந்ததும் வலயப் போட்டிக்கு ஓடவிட்டால் அதே தசை அதே இடத்தில் மறுபடி கிழிகிறது. இதைக் கண்ணூறு என்றும் தலையெழுத்து என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் இது கணக்குப் பிழை.

இப்போது ஜீ.பி.எஸ். அங்கி, கைப்பட்டி, காயத்தை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் என்று விளம்பரங்கள் வருகின்றன. வாங்கித் தரட்டுமா என்று பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டு உறவுகளும் கேட்கிறார்கள். நல்ல மனது. ஆனால் எதை முதலில் வாங்குவது, வாங்கியதை எப்படிப் பாவிப்பது என்று தெரியாவிட்டால் அந்தப் பெட்டி அதிபரின் அலுமாரியில்தான் முடியும். முதல் வருடத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட எழுதும் கொப்பி), ஒரு கைத்தொலைபேசி, ஒரு தராசு போதும், அங்கி அதற்குப் பிறகு வரட்டும் என்பதே எங்கள் கருத்து.

அங்கியின் வேலை இது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகோடு ஒட்டி ஒரு சிறு கருவி இருக்கும். அதிலுள்ள ஜீ.பி.எஸ். செக்கனுக்கு 10 தடவை இடத்தைக் குறிக்கும். முடுக்கமானி செக்கனுக்கு 100 தடவைக்குக் குறையாமல் அசைவைப் பதியும். கட்டபுல்ட், ஸ்டட்ஸ்போர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. உதைபந்தாட்டப் போட்டிகளில் இவற்றை அணிய 2015இல் ஃபிபா அனுமதித்தது. ஓடிய தூரம், வேக ஓட்டத்தின் தூரம், எத்தனை தடவை சடுதியாகப் பாய்ந்தார், எத்தனை தடவை சடுதியாக நின்றார் என்பதெல்லாம் கிடைக்கும். பின்தொடைக்கும் முழங்காலுக்கும் மொத்தத் தூரத்தைவிட இந்தக் கடைசி மூன்றும்தான் முக்கியம்.

இங்கே பிழை நேரும் இடங்கள் வேறு. உள்ளரங்கில் ஜீ.பி.எஸ். வேலை செய்யாது, அங்கே ஆடும் கூடைப்பந்துக்காரருக்கு வாங்கி அதிகம் பயனில்லை. திறந்த வெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டு வைக்காவிட்டால் முதற்பாதித் தரவு குப்பை. அங்கி தொளதொளவென்று இருந்தால் கருவி குலுங்குவதையும் ஓட்டம் என்றே கணக்கெடுக்கும். இரண்டு கருவிகள் ஒரே ஓட்டத்துக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. ஆகவே 7ஆம் இலக்கக் கருவி எப்போதும் அதே பிள்ளைக்குத்தான். மென்பொருளில் வேக ஓட்டம் என்பது வழக்கமாக மணிக்கு 19.8 கிலோமீற்றருக்கு மேல் என்று இருக்கும். அது வளர்ந்த ஆண்களுக்கான அளவு. 14 வயதுப் பிள்ளைக்கு அப்படியே விட்டால் உயிரைக் கொடுத்து ஓடிய நாளிலும் குறைவாகத்தான் காட்டும். கடற்கரை ஊர்களில் வியர்வை உப்பும் காற்று உப்பும் சேர்ந்து சார்ஜ் ஏற்றும் முனைகளை அரிக்கும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைக்க ஆள் வேண்டும். எல்லாவற்றையும்விட, வருடச் சந்தா. கருவியை அன்பளிப்பாகக் கொடுப்பவர் இரண்டாம் வருடச் சந்தாவை யார் கட்டுவது என்று கேட்பதில்லை. சந்தா முடிந்தால் பல கருவிகளின் தரவு பூட்டப்பட்டுவிடும்.

இனிக் கொப்பிக்கு வருவோம். அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபொஸ்டர் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: “இன்றைய பயிற்சி மொத்தத்தில் எவ்வளவு கடினம்?” பதில் 0 முதல் 10 வரை. 0 ஓய்வு, 2 இலேசு, 3 நடுத்தரம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 இதற்குமேல் முடியாது. அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. 60 நிமிடம், கடினம் 6 என்றால் 360. அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்த கையோடு கேட்டால் கடைசி ஓட்டத்தின் களைப்பைத்தான் சொல்வார்கள். அதனால்தான் அந்த அரை மணி நேரம். கூட்டமாக வைத்துக் கேட்டால் பக்கத்தில் நிற்பவன் 4 என்றால் இவனும் 4 என்பான். தனித்தனியே கேளுங்கள், அல்லது துண்டில் எழுதி வாங்குங்கள். பயிற்றுவிப்பாளர் தன் மனதிலிருப்பதை எழுதக் கூடாது. நீங்கள் 4 என்று நினைத்துக் கொடுத்த பயிற்சிக்குப் பிள்ளை 8 சொன்னால் அந்த வித்தியாசமே பெரிய தகவல்: தூக்கமில்லை, சாப்பாடில்லை, காய்ச்சல் வரப்போகிறது, அல்லது ரியூசனுக்கு ஓடி ஓடி அலைந்திருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடந்த நான்கு வாரங்களில் ஒரு பிள்ளையின் சுமை 400, 600, 500, 700. சராசரி 550. போட்டித் திகதி வந்ததும் இந்த வாரம்: திங்கள் 60 நிமிடம் கடினம் 5, செவ்வாய் 75க்கு 6, புதன் 60க்கு 7, வியாழன் 90க்கு 7, வெள்ளி 60க்கு 5. பெருக்கிக் கூட்டினால் 300, 450, 420, 630, 300, மொத்தம் 2100. பழகிய சுமையின் ஏறத்தாழ நான்கு மடங்கு. இப்படி இந்த வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்துப் பார்க்கும் முறையை அவுஸ்திரேலியரான ரிம் கபெட் 2016இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் கொண்டுபோனது. 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து கூடும் என்பது அதன் சாரம்.

அந்த எண்களை வேதவாக்காக எடுக்கவேண்டாம். மேலே நாங்கள் இந்த வாரத்தைச் சேர்க்காமல் சராசரி எடுத்தோம்; வழக்கமான கணக்கில் இந்த வாரமும் நான்கு வாரச் சராசரிக்குள் அடங்குவதால் அதிலேயே ஒரு கோணல் உண்டு என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்துள்ளனர். மேலும், நமது மழைக்காலத்துக்குப் பிறகு கீழே வருவது கிட்டத்தட்டச் சைபர். சைபரால் எதை வகுப்பது? ஆகவே நாங்கள் சொல்லும் கைக்கணக்கு வேறு. மழைக்குப் பிந்திய முதல் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், கடினம் 5ஐத் தாண்டாமல்: மொத்தம் 600. பிறகு வாரத்துக்கு முப்பது வீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். 600, 780, 1014, 1318, 1714, 2228. மேலே சொன்ன 2100க்கு வர ஆறாவது வாரம் ஆகிறது. திகதியை இரண்டு வாரத்துக்கு முன் அறிவிக்கும் பாடசாலையில் எந்தச் சென்சரைக் கட்டினாலும் இந்த ஆறு வாரம் இரண்டாகச் சுருங்காது.

மார்கழியில் மைதானம் குளமாக நின்றாலும் சுமையைச் சைபருக்கு விடத் தேவையில்லை. பிரதான மண்டபத்தில் கயிறடித்தல், படியேறுதல், கீழே சொல்லும் பின்தொடைப் பயிற்சி போதும்.

கடினபந்து வேகப்பந்து வீச்சாளர்கள் விடயம் தனி. வீச்சின்போது முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையின் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விசை காலில் ஏறும். 50 கிலோ பையனுக்கு ஒவ்வொரு பந்துக்கும் கால் தொன். நமது ஆடுகளங்கள் பல, சீமெந்தின் மேல் விரித்த மெட்டிங். இளம் வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பில் மயிரிழை வெடிப்பு வருவதற்கு இந்த விசையும் ஒரு காரணம். பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வரும். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையும்போது ஒரு பக்கம் குத்தினால் அன்றே பந்தைப் பறித்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நம்பி வீசவிடாதீர்கள், ஆரம்ப வெடிப்பு எக்ஸ்ரேயில் தப்பிவிடும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். கவனியாமல் விட்டால் மாதக்கணக்கில் ஓய்வு.

இங்கே வேண்டிய சென்சர் விரலால் அழுத்தும் ஒரு எண்ணி. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நீண்டகாலமாக வைத்திருந்த வழிகாட்டல்படி 13 வயதுக்குட்பட்டவர் தொடர்ந்து 5 ஓவர், நாளுக்கு 10. 15 வயதுக்குட்பட்டவர் தொடர்ந்து 6, நாளுக்கு 12. 17 வயதுக்குட்பட்டவர் தொடர்ந்து 7, நாளுக்கு 18. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேலோ, அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேலோ வீச்சு இல்லை.

இந்த எண்கள் பல பயிற்றுவிப்பாளர்களுக்குத் தெரியும். பிறகு ஏன் பிழை நேர்கிறது? ஒரே பையன் புதன் பாடசாலை வலையில் வீசுகிறான், சனி கழகத்துக்குக் கடினபந்து, ஞாயிறு பக்கத்து ஊர் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் நாலு மெட்ச். பாடசாலைக் கொப்பியில் ஆறு ஓவர்தான் இருக்கும். மென்பந்து இலேசுதானே என்பார்கள். பந்துதான் இலேசு, கால் ஊன்றும் வேகம் அதேதான், தோள் வெட்டுவது இன்னும் கூட. கொப்பி அணியோடு இருக்கக் கூடாது, பையனோடு போகவேண்டும். பையின் முன் சிப்பில் ஒரு சின்ன அட்டை, வீசியது எங்கேயானாலும் பந்துகளை எழுதுவது, வலைப்பயிற்சியும் சூடேற்றும் பந்துகளும் சேர்த்து. திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் அதைப் பார்த்தால் போதும். (மெட்டிங்கின் ஓரம் சுருண்டு கிடக்கிறதா என்பதையும் யாராவது பார்த்தால் புண்ணியம். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.)

கூடைப்பந்துக்கும் கரப்பந்துக்கும் கைத்தொலைபேசி நல்ல கருவி. அமெரிக்க யேசுசபைத் துறவிகள் கூடைப்பந்தை ஊன்றிவிட்டுப் போன ஊர் மட்டக்களப்பு. பாய்ந்து பாய்ந்து சிரட்டைக்குக் கீழே வலிக்கும் முழங்கால்களுக்கும் இங்கே குறைவில்லை. பாய்ச்சலின் உயரம் குறைவது கால் இன்னும் களைப்பில் இருப்பதன் அடையாளம். அளப்பது இப்படி. தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் தரையில் புத்தகப்பையில் சாய்த்து, பாதம் தெரியும்படி ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு முறையில் எடுங்கள். கை இரண்டும் இடுப்பில். பெருவிரல் தரையை விட்ட படத்திலிருந்து மறுபடி தொட்ட படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் வானில் நின்ற நேரம். அதை அதே எண்ணால் பெருக்கி, 122.6ஆல் பெருக்கினால் உயரம் சென்ரிமீற்றரில். 120 படம் என்றால் அரைச் செக்கன், 30.7 சென்ரிமீற்றர். ஒரு படம் பிசகினால் அரைச் சென்ரிமீற்றர்தான் பிழை. சாதாரண 30 படக் காணொளியில் அதே பிசகு 4 சென்ரிமீற்றர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தரையில் இறங்குமுன் முழங்காலை மடக்கினால் நேரம் கூடும். அந்தப் பாய்ச்சலைத் தள்ளிவிடுங்கள். சில மலிவுத் தொலைபேசிகள் 240 என்று போட்டுவிட்டு நடுப்படங்களைத் தாமே இட்டுக்கட்டி நிரப்பும். இன்னொரு தொலைபேசியில் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டுப் படம்பிடித்து, ஒரு செக்கனுக்குள் எத்தனை வெவ்வேறு படங்கள் என்று எண்ணினால் பொய் பிடிபடும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே சப்பாத்து, மூன்று பாய்ச்சலின் சராசரி. பிள்ளையின் வழமையான உயரத்தைவிடப் பத்து வீதம் குறைந்தால் அன்று பாய்ச்சல் பயிற்சியைக் குறைக்கிறோம். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதற்கல்ல இது.

கணுக்கால் சுளுக்கியவர் திரும்ப வரும்போது இன்னொன்று. ஒரு காலில் நின்று மறுகாலை முன்னால் எட்டி நீட்டும் தூரத்தைச் சோக்கட்டியும் அளவுநாடாவும் கொண்டு இரு பக்கமும் அளவுங்கள். 4 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்த உயர்பாடசாலைக் கூடைப்பந்து வீரர்களுக்குக் கீழுடல் காயம் இரண்டரை மடங்கு கூடுதலாக வந்ததாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சொல்கிறது. வலி போய்விட்டது என்பதும் கால் சரியாகிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பத்தையும் சுமையோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தொலைபேசி காட்டும் வெப்பநிலையில் வெயிலும் ஈரப்பதனும் சேராது. அவற்றையும் சேர்த்தளக்கும் ஈரக்குமிழ்க் கோளச் சுட்டெண் 32ஐத் தாண்டினால் இடைநடுவே குளிர்ச்சி இடைவேளை என்பது 2014 உலகக் கிண்ணத்தில் ஃபிபா வைத்த எல்லை. மானி இல்லாதவர்களுக்குத் தராசு: பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்து, 50 கிலோப் பிள்ளை ஒரு கிலோ இறங்கியிருந்தால் தண்ணீர் போதவில்லை.

மணிக்கட்டுக் கைப்பட்டியின் நாடித்துடிப்பைப் பயிற்சி நேரத்தில் நம்பவேண்டாம். வியர்வையிலும் குலுக்கலிலும் அது சிலவேளை கால் அடியின் எண்ணிக்கையையே துடிப்பாக எண்ணிவிடும். ஒரே சீராக 170, 175 என்று நின்றால் சந்தேகப்படுங்கள். நெஞ்சில் கட்டும் பட்டி அதைவிட மேல். ஆனால் காலையில் எழுந்தவுடன் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுவது இரண்டையும்விட மலிவு. வழமையை விடப் பத்துக் கூடியிருந்து உடம்பும் அடித்துப் போட்டதுபோல் வலித்தால், டெங்குக் காலத்தில் அதைப் பயிற்சி வலி என்று எண்ணி டைக்குளோபினெக், இபுபுரூபன் கொடுத்துவிடாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டும்.

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்கள் செயற்திட்டமாகச் சென்சர் செய்ய விரும்பினால் ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினிப் பலகையும் எம்.பி.யூ.6050 என்ற முடுக்கமானிச் சில்லும் போதும். பலர் வழுக்கும் இடம்: அந்தச் சில்லு தொடக்கத்தில் ±2 ஜீ (ஒரு ஜீ என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவில் நிற்கும். ஓடும்போது கணைக்கால் எலும்பில் ஏறும் அதிர்ச்சி அதைவிடப் பல மடங்கு. ஆகவே வரைபடத்தின் உச்சிகள் எல்லாம் வாளால் சீவியதுபோல் தட்டையாக வரும். இரண்டு காலும் சமம் என்று தவறாகப் படும். ±16 ஜீக்கு மாற்றுங்கள். செக்கனுக்கு 500 பதிவுக்குக் குறைந்தால் உச்சி இரண்டு பதிவுகளுக்கு நடுவே விழுந்து தப்பிவிடும். வைபையில் நேரே அனுப்பாமல் நினைவகத்தில் சேர்த்து, செக்கனுக்கு ஒரு தடவை மைக்ரோ எஸ்.டி. அட்டையில் எழுதுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்க எலும்பின் மேல் இறுக்கிக் கட்டவேண்டும்; சதையில் கட்டினால் சதையின் ஆட்டம்தான் பதிவாகும். முதலில் ஆறு முகங்களையும் தனித்தனியே மேசையில் வைத்துப் பாருங்கள், மேலே நிற்கும் அச்சு ஒரு ஜீ காட்டவேண்டும். இதில் கிடைப்பது தோலுக்கு வெளியே உள்ள அதிர்ச்சி. எலும்புக்குள் ஏறும் சுமையை அது நேராகச் சொல்லாது.

காயத்தை 95 வீதம் சரியாக முன்னறிவிக்கும் என்று விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். 20 வீரர்கள், 30 வாரம்: 600 வரிகள். அதில் காயம் 18 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாரமும் கண்ணை மூடிக்கொண்டு “காயம் வராது” என்று சொல்லும் கிளி ஜோசியக்காரனும் 97 வீதம் சரிதான். அந்த 18இல் எத்தனையை முன்பே பிடித்தீர்கள், பிடிக்க எத்தனை நல்ல பிள்ளைகளை வீணாக உட்காரவைத்தீர்கள் என்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

எண் எடுத்தபின் செய்யவேண்டியதும் இருக்கிறது. ஒருவர் முழந்தாளிட, மற்றவர் கணுக்காலைப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாயும் நோர்டிக் பயிற்சி பின்தொடைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. முதல் வாரம் ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை மட்டும். இரண்டாம் வாரம் இரண்டு நாள், ஆறு ஆறாக. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள். முதல் நாளே பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று தடவை செய்யவைத்தால் மூன்று நாளைக்குப் படியிறங்க முடியாது. அதோடு முழு அணியும் கைவிட்டுவிடும். இடுப்பை மடித்துச் சாய்ந்தால் பயனில்லை. உதைபந்துக்காரர்களுக்கு 20 நிமிட, 15 பயிற்சி கொண்ட ஃபிபா 11+ என்ற சூடேற்றும் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, பந்தையும் அடையாளக் கூம்புகளையும் தவிரக் கருவி எதுவும் வேண்டாம்.

கொப்பியை வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடாதீர்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகளின் நிறையை. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. சுமை கூடிவிட்டது என்று உண்மை சொன்ன பிள்ளையை அணியிலிருந்து நீக்கினால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் 3தான் எழுதுவார்கள்.

வலயக் கல்வி அலுவலகங்களிடமும் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களிடமும் கேட்பது இரண்டே. இல்ல விளையாட்டுப் போட்டித் திகதியை ஆறு வாரத்துக்கு முன் அறிவியுங்கள். 17 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் போட்டிகளின் வீரர் பட்டியலில், பெயருக்கும் பிறந்த திகதிக்கும் பக்கத்தில் இன்னொரு நிரலைச் சேருங்கள்: கடந்த ஏழு நாளில் வீசிய பந்துகள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்களும் இயன்மருத்துவர்களும் சிலர்,
மட்டக்களப்பு – கல்முனை.